படையில் அதிகாரியாகும் வழி



பட்டாளம் நமக்குப் புதிதன்று. 1954 வரை நீடித்த பிரெஞ்சு ஆட்சியில், காரைக்காலிலிருந்தும் புதுவையிலிருந்தும் நம்மவர் ‘சொல்தா’க்களாக இந்தோசீனா வரை சென்றனர். அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப் பள்ளியில் ஆசிரியர்.

ஆயினும், சிப்பாயாகும் வழியறிந்த நாம் அதிகாரியாகும் வழியைக் கேட்டறியத் தயங்குகிறோம். அத்தயக்கத்தில்தான் தரகன் நுழைகிறான். தாய்மாரின் நகை அடகுக்குப் போகிறது.

ஆள்சேர்ப்பு அதிகாரி எவரும் தாமாகவே ஒருவரை அதிகாரியாக்க இயலாது. பன்னிரண்டாம் வகுப்பினர் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வையும், பட்டதாரிகள் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வையும் எழுத வேண்டும். இவற்றை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. முன்னதில் 2021 முதல் பெண்களுக்கும் இடமுண்டு. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் கட்டணமில்லை. எழுத்துத் தேர்வில் வென்றோர்க்கு ஐந்து நாள் ஆளுமைத் தேர்வு. இதில் இடஒதுக்கீடு இல்லை; ஆதலின் நம் உழைப்பு இரட்டிப்பாதல் வேண்டும். பரங்கிமலையில் 1963இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சி நிலையம் நமக்குத் தொலைவன்று.

ஐயமிருப்பின் திருச்சி இராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தை நாமே அணுகுவோம். வயது, கல்வி, உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, “ஐயா, என் தகுதி இது, எத்தேர்வை எழுதலாம்?” என்று நிமிர்ந்து நின்று கேட்போம். சான்றிதழ் அனைத்திலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாயிருக்கட்டும். பணம் கேட்பவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவோம்.

கேட்பது இரத்தலன்று, குடிமக்களின் உரிமை. நம் சங்கம் 25 ஆண்டுகளாகக் கற்பித்ததும் அதுவே.