மானியமும் சந்தாவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கங்களுக்கு அரசு வழங்கும் பொருளுதவியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்தனர். இசையும் நாடகமும் காத்திருக்கும் மாலையில் வரவு செலவு பேச வந்து நிற்கின்றோம்; பொறுத்தருள்க. ஆயினும் இப்பொருளை இவ்வாண்டு தள்ளிவைக்க இயலாது. "அரசிடம் மானியம் கேட்டு வாங்குவோம், அதன்பின் வீடு வீடாகப் படியேறிச் சந்தா தண்டும் தொல்லை எதற்கு?" என்று உறுப்பினர் சிலர் கூறி வருகின்றனர். ஞாயிறுதோறும் நம் குழந்தைகளுக்கு நடைபெறும் தமிழ் வகுப்பு தொடர்வதும் நிற்பதும் இக்கேள்விக்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே உள்ளன.

நாம் கூடியிருக்கும் இந்தப் புசா சாலையின் பெயரே ஒரு நன்கொடையின் வரலாறு ஆகும். புசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். கர்சன் பிரபு வைசிராயாக இருந்த காலத்தில், அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த 30,000 பவுன் கொடையைக் கொண்டு, 1905ஆம் ஆண்டில் அங்கே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. 1934ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் அதன் கட்டடம் சிதைந்தது. 1936இல் நிலையம் தில்லிக்கு வந்தது. ஊர்ப்பெயரும் கூடவே வந்து இங்கே குடியேறிவிட்டது. நம்மைப் போல் அதுவும் புலம்பெயர்ந்த பெயர்தான். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் பிற்காலத்தில் அந்நிலையத்தின் இயக்குநராக விளங்கினார் என்பதும் நமக்குப் பெருமை. ஆனால் இன்றைய பேச்சுக்கு வேண்டியது வேறொன்று. ஃபிப்ஸ் கட்டடத்துக்குப் பொருள் தந்தார்; ஆண்டுதோறும் நிலையத்தை நடத்தும் செலவை அரசு ஏற்றது. கட்டடம் இடிந்த பின்னும் நடத்தும் பொருள் நின்றுபோகவில்லை. ஆகவே நிலையம் பிழைத்தது.

முற்காலத்தில் தமிழ்ச் சங்கங்கள் வள்ளல்களை நம்பி வாழ்ந்தன. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் கொடையை அறியாதார் இலர். ஜமீன்கள் மறைந்தன, அவ்விடத்தில் அரசு வந்து நின்றது. 1953இல் மத்திய சமூக நல வாரியம் அமைந்தபோது, தொண்டு நிறுவனங்களுக்கு உதவுவதற்கென முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் 4 கோடி ரூபாய் ஒதுக்கினர். வாரியத்தின் முதல் தலைவர் துர்க்காபாய் தேஷ்முக். அவ்வம்மையார் 1937இல் சென்னையில் ஆந்திர மகிள சபையையும், 1948இல் இதே தில்லியில் ஆந்திரக் கல்விக் கழகத்தையும் தோற்றுவித்தவர். கேட்கும் பக்கத்தில் நின்று பழகியவர் கொடுக்கும் நாற்காலியில் அமர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அத்தகைய வாய்ப்பு எல்லாத் துறைகளுக்கும் கிட்டுவதில்லை.

இனி நம் கண்ணெதிரே உள்ள சான்றுக்கு வருவோம். இச்சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கின்றது. அக்கழகம் 1923இல் தோன்றியது. தில்லியின் பல பகுதிகளில் பள்ளிகள் நடத்துகின்றது. "அது அரசு உதவி பெறும் பள்ளியாயிற்றே, அவர்களுக்கு என்ன குறை?" என்று பேசுவோரை நாம் சந்தித்திருக்கின்றோம். அன்பர்களே, உதவி பெறும் பள்ளி என்றால் என்ன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தில்லியில் அத்தகைய பள்ளிகளுக்கு, அரசு ஒப்புக்கொண்ட செலவில் நூற்றுக்கு 95 பங்கை அரசு தருகின்றது; எஞ்சிய 5 பங்கை நிருவாகம் தேட வேண்டும். ஐந்துதானே என்று தோன்றும். ஒரு பேச்சுக்கு, மாதச் செலவு 10 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். ஐந்து பங்கு மாதம் 50,000 ரூபாய். ஆண்டுக்கு 6 லட்சம். இஃது ஒரு பள்ளிக்கு மட்டும். அதனினும் கருத வேண்டியது "ஒப்புக்கொண்ட செலவு" என்னும் சொல். ஒப்புதல் பெறாத பணியிடத்தில் ஓர் ஆசிரியரை அமர்த்தினால் அவருடைய ஊதியம் முழுவதும் நிருவாகத்தின் தலையில் விழும். ஆகவே 95 பங்கைப் பெறுபவர்க்கும் நன்கொடைப் புத்தகம் தேவைப்படுகின்றது. ஐந்தைத் தேட மனிதர் இல்லாவிடில் தொண்ணூற்றைந்தும் பயன் தராது.

நம் சங்கத்தைப் போன்ற சிறிய அமைப்பின் நிலை யாது? 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். மானியம் பெறுவது அவ்வளவு எளிதன்று. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளை நாம் ஒருமுறைக்கு இருமுறை படித்தோம். விண்ணப்பத்தோடு விதிமுறைகளும் தணிக்கை செய்த கணக்கும் இணைக்க வேண்டும். இதே பணிக்கு வேறு துறையிடம் பணம் பெறவில்லை என்று எழுதித் தர வேண்டும். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவெண் பெற்றிருக்க வேண்டும். பணம் வந்தபின் எதற்குத் தந்தார்களோ அதற்கே செலவிட்டோம் என்னும் பயன்பாட்டுச் சான்றிதழை, நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் அனுப்ப வேண்டும். மானியப் பணம் வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டியும் நம்முடையதன்று. அதையும் திருப்பிச் செலுத்த வேண்டும். மானியத்தில் வாங்கிய பீரோவை அனுமதியின்றி விற்கவும் இயலாது.

இவ்விதிகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் பில்களைச் சரிபார்த்து, வவுச்சர் இல்லையெனில் திருப்பி அனுப்பும் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்கள் நாம். பொதுப்பணம் அப்படித்தான் காக்கப்பட வேண்டும். வீட்டிலே வந்து சங்கத்தின் விண்ணப்பத்தை எழுத உட்காரும்போதுதான் அந்தப் பில் திரும்பி வருவதன் வலி தெரிகின்றது!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைவிழாவுக்கு ஓர் அலுவலகத்தின் உதவியை நாடினோம். உதவி வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டோம். விழா முடிந்து பல மாதங்கள் கழிந்தபின் வந்தது. அதுவரை பந்தல்காரரும் ஒலிபெருக்கிக்காரரும் காத்திருப்பார்களா? உறுப்பினர் மூவர் தம் கைப்பணத்தைக் கொடுத்து மானம் காத்தனர். அம்மூவரும் இன்று இவ்வவையில் இருக்கின்றனர். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வர். கலைவிழா ஓராண்டு தள்ளிப்போகலாம். தமிழ் வகுப்பு அத்தகையதன்று. மாதம் பிறந்தால் ஆசிரியைக்கு ஊதியம், கூடத்திற்கு வாடகை, விளக்குக்கும் விசிறிக்கும் மின்கட்டணம். மானியத் திட்டங்களைப் புரட்டிப் பார்த்தால் விழாவுக்கு உண்டு, நூல்களுக்கு உண்டு, கட்டடத்துக்கும் சிலவற்றில் உண்டு. பதினைந்து குழந்தைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மையாருக்கு மாதந்தோறும் ஊதியம் தரும் திட்டத்தை நாம் தேடியவரையில் காணவில்லை. இருக்கும் திட்டத்திற்கு ஏற்ப வகுப்பின் பெயரையும் நோக்கத்தையும் மாற்றி எழுதலாம் என்று ஓர் இளைஞர் யோசனை சொன்னார். கெட்டிக்காரர்தான். ஆனால் இவ்வாண்டு பெயரை மாற்றினால், அடுத்த ஆண்டு பாடத்தையும் மாற்ற நேரும்.

அங்ஙனமாயின் மானியமே வேண்டா என்கின்றீர்களா என்று கேட்கலாம். அன்று. அது நம் வரிப்பணம், உரிமையோடு கேட்போம். கல்கத்தாவில் 1972இல் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறநிலையம், தொண்டு அமைப்புகள் நடத்தும் பொது நூலகங்களுக்கும் உதவுகின்றது. நம் நூலகத்துக்கு அதனை நாடலாம். கலைவிழாவுக்குப் பண்பாட்டு அமைச்சகத்தை நாடலாம். ஒருமுறை வாங்கி நிறுத்தும் பொருளுக்கு மானியமும், நாள்தோறும் நடக்கும் பணிக்குச் சந்தாவும் என்று பிரித்துக்கொள்வோம் என்பதே நம் வேண்டுகோள்.

கேட்பவர் தம் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் கொடுப்பவர் மனமும் இளகும். தமிழ்நாட்டில் 1997–98இல் தொடங்கி, 2021இல் மீண்டும் உயிர்பெற்ற நமக்கு நாமே திட்டத்தில், ஊரார் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தருகின்றது. கடல் கடந்த சான்றும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைய 60 லட்சம் டாலர் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வாழும் தமிழ் மருத்துவர் இருவர் 2015இல் முதலில் 10 லட்சம் டாலர் தந்தனர். உலகெங்குமுள்ள தமிழர் சிறுசிறு தொகையாகச் சேர்த்தனர். தமிழ்நாடு அரசின் 10 கோடி ரூபாய் 2017இல் அறிவிக்கப்பட்டது. 2018இல் தொகை நிறைந்தது. அரசின் பணம் எத்தனையாவதாக வந்தது என்பதை மட்டும் நோக்குக.

சந்தா என்பது பணம் மட்டுமன்று என்பதும் நாம் தெருவில் நடந்து கற்ற பாடம். சந்தா தண்டச் செல்லும்போதுதான் இன்னார் வீட்டில் பாட்டியார் உடல்நலமின்றி இருக்கின்றார், இன்னார்க்குச் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது, இன்னார் பேரன் வீட்டில் இந்தியே பேசுகின்றான் என்பதெல்லாம் தெரிய வருகின்றது. வகுப்புக்குச் சென்ற ஆண்டு புதிதாகச் சேர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோர் அவ்வாறு படியேறியபோது கிடைத்தவர்களே.

ஆகவே செயற்குழு இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவருகின்றது. குடும்பச் சந்தாவை இரட்டிப்பாக்குவது ஒன்று. இரட்டித்த பின்னும் அது, கரோல் பாகில் ஒரு குடும்பம் ஒருவேளை சிற்றுண்டி அருந்தும் செலவைத் தாண்டாது. மூன்று மாத ஊதியமும் வாடகையும் எப்பொழுதும் வங்கியில் இருக்குமாறு தனிக் கணக்கு வைத்து, அதை வேறு எதற்கும் தொடாதிருப்பது மற்றொன்று. இவ்விரண்டும் நிறைவேறிய பின்னரே நூலக மானிய விண்ணப்பத்தில் தலைவர் கையொப்பமிடுவார்.

தீர்மானங்களை உணவுக்கு முன் பொருளாளர் படிப்பார். எதிர்த்து வாக்களிக்க விரும்பும் அன்பர்கள் தாராளமாக எதிர்க்கலாம். ஏப்ரல் மாதத்தில் ஆசிரியைக்கு எந்தக் கணக்கிலிருந்து ஊதியம் தருவது என்பதை மட்டும் அவர்கள் உடன் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.