பங்கின் விலை வேறு, பெறுமதி வேறு!

(கொச்சிக்கடையில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் செட்டியார் தெரு இருக்கிறது. அங்கே நகை வாங்கச் செல்லும் நம் தாய்மார்கள் உரைத்துப் பாராமலும் நிறுத்துப் பாராமலும் வாங்குவதில்லை. யாழ்ப்பாணத்திலே நாலு பரப்புத் தோட்டக் காணி வாங்கும் விவசாயி, மண்ணையும் கிணற்றையும் பார்த்து, எத்தனை ஆண்டு விளைச்சலில் போட்ட பணம் திரும்பும் என்று கணக்கிடாமல் உறுதி எழுதுவதில்லை. ஆனால் தொழில்நுட்பக் கம்பெனியின் பங்கு என்றதும் அந்த விழிப்பு எங்கே மறைந்துவிடுகிறது? “எல்லோரும் வாங்குகிறார்கள்” என்ற ஒரு சொல்லை நம்பி, ஆயுள் முழுவதும் உழைத்த சேமலாப நிதியையே கொண்டுபோய்க் கொட்டுகிறோம்.

கம்பெனி நல்லதா என்பது ஒரு கேள்வி. கேட்கும் விலை நியாயமானதா என்பது வேறொரு கேள்வி.

கண்முன் கண்ட பாடம்

2005ஆம் ஆண்டில் டயலொக் டெலிகொம் நிறுவனம் தன் பங்குகளை 12 ரூபா வீதம் பொதுமக்களுக்கு விற்றது. கைத்தொலைபேசி வீட்டுக்கு வீடு வரும் என்று எண்ணியவர்கள் பிழைவிடவில்லை, வந்தது. பங்கின் விலையும் ஏறியது. ஆனால் ஐந்து கம்பெனிகள் ஒரே சந்தையில் போட்டியிட்டன, கட்டணங்கள் சரிந்தன. 2008, 2009ஆம் ஆண்டுகளில் நிறுவனம் நட்டமடைந்தது. பங்கும் 12 ரூபாவுக்குக் கீழே விழுந்தது. 2023ஆம் ஆண்டு முடிவிலும் அது 12 ரூபாவுக்குக் கீழே இருந்தது. இடையே பங்கிலாபம் கிடைத்தது உண்மையே. ஆனால் அதற்குள் ரூபா எவ்வளவு தேய்ந்தது என்பதை நாம் அறிவோம். தொழில் வளர்ந்தது, உச்ச விலையில் வாங்கியவன் வளரவில்லை!

அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனம் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 80 டொலர் விலையைக் கண்டது. நிறுவனம் அழியவில்லை, இலாபமும் ஈட்டியது. ஆயினும் அந்த விலையை மீண்டும் காண 25 ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

கணக்கு இதுதான்

ஒரு பங்கு 100 ரூபா. அதன் ஓராண்டு இலாபம் 2 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாம் 50 ஆண்டு விளைச்சலை முன்பணமாகக் கொடுக்கிறோம். அதே 100 ரூபாவை 8 வீத வட்டிக்கு வங்கியிலிட்டால் ஆண்டுக்கு 8 ரூபா வரும். அந்த 8 ரூபாவைக் கம்பெனி எட்டவேண்டுமானால் இலாபம் நான்கு மடங்காக வேண்டும். ஆண்டுதோறும் 25 வீதம் வளர்ந்தாலும் அதற்கு ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். அப்படி வளருமா? போட்டியாளர் விடுவாரா? கடன் எவ்வளவு? வட்டி ஏறினால் என்னவாகும்? 2022ஆம் ஆண்டில் நமது திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்தையும் தாண்டியதை மறந்துவிடலாகாது.

காட்டும் இலாபம் மெய்யானதா என்பதையும் பார்க்கவேண்டும். ஐதராபாத்தின் சத்தியம் கம்பியூட்டர்ஸ் கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபா இல்லவே இல்லை என்பதை, 2009 ஜனவரி 7ஆம் நாள் அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் பங்கு விலையின் முக்காற்பங்குக்கு மேல் கரைந்தது.

ஆகவே, பங்குகளை வாங்காதீர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பொன்னை உரைப்பவர்கள், மண்ணைப் பார்ப்பவர்கள், பங்கையும் கணக்கிட்டு வாங்குங்கள் என்றே கேட்கிறோம். எத்தனை ஆண்டு விளைச்சலுக்கு விலை கொடுக்கிறோம் என்று சொல்லத் தெரியாதவரை, பணம் நம் மடியிலேயே இருக்கட்டும்!