மடல் ஒன்று மன்றம் ஏறட்டும்!

(தமிழுணர்வாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றப்பெற்ற உரை)

 

மொழிக்காக உயிரையே ஈந்த இனம் இது. ஆயினும் அம்மொழிக்காகத் தன் சட்டமன்ற உறுப்பினர்க்கு ஒரு மடல் எழுத இவ்வினம் தயங்குகின்றது. எழுதுவோரும் இருவகையில் பிழை செய்கின்றனர். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று கருதுவோர் ஒரு சாரார். உறுப்பினரை இனப்பகைவர் என வைதுவிட்டு, இறுதியில் அவரிடமே உதவி கேட்போர் மறு சாரார். முன்னது தன்மானத்தைக் கெடுக்கும். பின்னது எடுத்த வினையைக் கெடுக்கும்.

மேடை முழக்கம் வேண்டியதே. ஆனால் அது சட்டமாகும் இடம் சட்டமன்றம். 'தமிழ்நாடு' என்னும் பெயர்க்காக 76 நாள் உண்ணாநோன்பிருந்து, 13.10.1956-இல் உயிர் துறந்தார் சங்கரலிங்கனார். அவர் வேண்டுகை 18.7.1967-இல் சட்டமன்றத் தீர்மானமாயிற்று, 1968-இல் நாடாளுமன்றச் சட்டமாயிற்று, 14.1.1969-இல் நடைமுறைக்கு வந்தது. உணர்வு விதை, சட்டமன்றம் விளைநிலம். விதையைக் கையிலேயே வைத்திருப்பவன் அறுவடை காண்பதில்லை.

தமிழில் எழுதினால் ஏற்பரோ என்னும் ஐயமும் வேண்டா. குறைகளைய வேண்டி அரசுக்கு எழுதும் முறையீட்டை, இந்திய ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எழுதலாம் என்பது அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு தரும் உரிமை. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டமோ 1956-இலேயே இயற்றப்பட்டுவிட்டது.

எப்படி எழுதுவது? கடைப் பெயர்ப்பலகையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோர்க்கு வழி எளிதில் விளங்கும். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டினது. அதன்கீழ் அமைந்த விதிகள் 1948-ஆம் ஆண்டின. அவற்றுள் 15-ஆம் விதி பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்கின்றது. பிறமொழியும் எழுதப்பெறின், தமிழே முதலிடம் பெற வேண்டும். தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3 பங்கு, பிறமொழி 2 பங்கு என்பது அளவு. சட்டம் ஏட்டில் உள்ளது, தெருவில் இல்லை. ஆகவே கேட்க வேண்டுவது புதுச்சட்டம் அன்று. உள்ள சட்டத்தின் செயற்பாடு.

முதலாவது, ஒரு மடலில் ஒரே வேண்டுகை இருக்கட்டும். பெயர்ப்பலகை, கோயில் வழிபாடு, வழக்குமன்ற மொழி, பள்ளிப் பயிற்றுமொழி என அனைத்தையும் ஒன்றிலேயே கொட்டினால், எதற்கும் விடை வராது.

இரண்டாவது, சான்று தேவை. 'எங்கும் ஆங்கிலம்' என்பது புலம்பல். தம் ஊர்க் கடைத்தெருவில் நடந்து, நூறு கடைகளுள் எத்தனையில் தமிழ் முதலிடத்தில் உள்ளது, எத்தனையில் அறவே இல்லை என எண்ணி எழுதுவது சான்று. புலம்பலை ஒதுக்கிவிடலாம், எண்ணிக்கையை ஒதுக்க இயலாது.

மூன்றாவது, எதிருரையை முன்னரே எண்ணி விடை தருக. 'வெளியூரார் எப்படிப் படிப்பர்?' என வணிகர் கேட்பர். விதி பிறமொழியை விலக்கவில்லை, தமிழை முன்னிறுத்துகின்றது. இதனை ஒரே வரியில் எழுதிவிட்டால் அவ்வினா அடங்கும்.

நான்காவது, உறுப்பினர் செய்யக்கூடியதையே கேட்க வேண்டும். தொழிலாளர் துறையினர் நம் மாவட்டத்தில் எத்தனை கடைகளை ஆய்ந்தனர், எத்தனை கடைகள்மீது நடவடிக்கை எடுத்தனர் என அவர் மன்றத்தில் வினா எழுப்பலாம். அத்துறையின் மானியக் கோரிக்கை மீது பேசலாம். இவற்றுள் ஒன்றைக் குறித்துக் கேட்பதே முறை. வரவு செலவுத் திட்டத்தைத் தொடர்ந்து அக்கோரிக்கைகள் வருமாதலின், அதற்கு முன்னரே மடல் சேர்தல் நன்று.

இறுதியாக, மொழிநடை. தூய தமிழில் எழுதுக. ஆனால் அகரமுதலியைப் புரட்டவைக்கும் தமிழில் எழுதற்க. சட்டத்தின் பெயரையும் துறையின் பெயரையும் அரசு வழங்குமாறே குறிப்பிடுக. அவற்றைப் புதுச்சொல்லால் மாற்றி எழுதினால், அலுவலகத்தில் உரிய கோப்பு கிடைக்காது, மடல் உறங்கிவிடும். தூய்மையும் தெளிவும் பகையல்ல.

மடல் ஒரு பக்கத்திற்குள் அமையட்டும். தொகுதி வாக்காளர் என்பதும், முழு முகவரியும், நாளும், கையொப்பமும் இருக்கட்டும். உறுப்பினர் எக்கட்சியினராயினும் 'மாண்புமிகு' என்றே தொடங்குக. பணிவு அடிமைத்தனம் அன்று. படி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு திங்களில் விடை வராவிடில் மீண்டும் எழுதுக; நேரிலும் சென்று கேட்க!

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிகள் 234. தொகுதிக்குப் பதின்மர் இவ்வாறு எழுதினும் 2,340 மடல்கள். அவற்றை எழுதுவதற்குச் சிறை செல்ல வேண்டா. உயிர் கொடுக்க வேண்டா. ஒரு தாளும், ஓர் அஞ்சலுறையும், ஒரு மாலைப்பொழுதும் போதும்.

எழுதுக! எண்ணி எழுதுக! தமிழில் எழுதுக!