கைபேசியைப் பறிப்பது பாதுகாப்பாகாது



பள்ளி மாணவர்களின் இணையப் பாதுகாப்பு என்றதும், கடவுச்சொல்லைப் பகிராதே, அறிமுகமற்றவரிடம் பேசாதே என்று அறிவுறுத்தி நிறுத்திக்கொள்கிறோம். இவை தேவையே. ஆனால், துன்புறுத்துபவர் பல வேளைகளில் அதே வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறார்.

2020 மே மாதம் தில்லியில் அம்பலமான இன்ஸ்டாகிராம் குழுவை நினைவுகூருங்கள். பள்ளி மாணவர்கள் சிறுமிகளின் படங்களைப் பகிர்ந்து ஆபாசமாகப் பேசிக்கொண்டிருந்தனர். 2022 புத்தாண்டு நாளில் முஸ்லிம் பெண்களின் படங்களை ‘ஏலத்திற்கு’ வைத்த புல்லி பாய் செயலி வெளிவந்தது. கைதானவர்களில் 18 வயதுப் பெண்ணும் 21 வயதுப் பொறியியல் மாணவரும் இருந்தனர். இந்த வெறுப்பைக் கைபேசி மட்டுமா கற்பித்தது? ஆணாதிக்கமும் மதவெறியும் சாதி ஆணவமும் வீட்டிலும் தெருவிலும் பயிலப்படுகின்றன. இணையம் அவற்றுக்கு வேகத்தையும் முகமூடியையும் தருகிறது. நிறுவனங்கள் அதில் லாபம் காண்கின்றன. பதின்வயதுச் சிறுமியர் பலருக்குத் தம் உடல் குறித்த தாழ்வுணர்வை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று பேஸ்புக்கின் சொந்த ஆய்வே கண்டறிந்திருந்தது. 2021இல் பிரான்சஸ் ஹாகன் ஆவணங்களை வெளிக்கொணர்ந்த பின்னரே உலகம் அதை அறிந்தது.

பாதிக்கப்பட்ட மாணவி வீட்டில் சொன்னால் என்ன நடக்கிறது? முதலில் அவளது கைபேசி பறிக்கப்படுகிறது; சில வீடுகளில் படிப்பும் நின்றுவிடுகிறது. இதனை நன்கறிந்தே மிரட்டுபவன், “வீட்டுக்குத் தெரியப்படுத்துவேன்” என்கிறான். அவனுக்கு ஆயுதம் தருவது நமது வீடுதான். கட்சிக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான ஆண்களில் 57 சதவீதத்தினர் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள். பெண்களில் 33 சதவீதத்தினர் மட்டுமே. பாதுகாப்பின் பெயரால் இந்த இடைவெளியை மேலும் அகலமாக்குவதா?

பிள்ளை சொல்வதைக் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். பதற்றத்தில் செய்திகளை அழிக்காதீர்கள். கணக்கின் பெயர், இணைப்பு, தேதி, நேரம் யாவும் சான்றாகும். ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. சிறாரின் ஆபாசப் படத்தை ‘ஆதாரம்’ என்று சொல்லிக் குழுக்களில் பரப்புவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்கீழ்க் குற்றம். அத்தகைய படம் வந்தால் எவருக்கும் அனுப்பாமல் நேரே காவல்துறையிடம் செல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களைப் பெயர் குறிப்பிடாமலும் பதியலாம். பணமும் பறிக்கப்பட்டிருந்தால் 1930ஐ அழைக்க வேண்டும்.

66ஏ போன்ற கடும் சட்டம் மீண்டும் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அரசை விமர்சித்தவர்கள் மீது ஏவப்பட்ட அப்பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது சரியே. துன்புறுத்திய மாணவனும் சிறுவனே. பள்ளியிலிருந்து விரட்டிவிட்டால் அவனோடு பேசப் போவது யார்? கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மையினர். அவற்றில் உள்ள நம் தோழர்கள், பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் வேண்டும் என்ற கோரிக்கையை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். மாணவியர் தயங்காமல் அணுகக்கூடிய ஆசிரியை ஒருவரின் பெயரும் அந்தத் தீர்மானத்தில் இடம்பெறட்டும்.