திரும்பி வருகிறவர்களின் கப்பல்



உலகம் சுற்றும் பெரிய கப்பல் ஒன்று கொச்சிக்கு வரும் நாளில் வில்லிங்டன் தீவுப் பக்கம் போனால், பஸ்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். தொப்பியும் கேமராவுமாக வெள்ளைக்காரர்கள் இறங்கி ஏறிப் போவார்கள். ஒரு பஸ் மீன் பிடிக்கும் சீன வலைக்கு, இன்னொன்று மட்டாஞ்சேரி அரண்மனைக்கு, மற்றொன்று யூதத் தெருவுக்கு. ஆனால் கப்பலில் வந்தவர்கள் எல்லாரும் இறங்குவதில்லை. மேல்தளத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டு, போகிற பஸ்களை வேடிக்கை பார்த்தபடி ஒரு கூட்டம் அங்கேயே நிற்கும். உடம்புக்கு முடியாதவர்கள் போலிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஆனால் அவர்களில் பலர் கொச்சியை ஏற்கெனவே பார்த்து முடித்தவர்கள். மற்றவர்கள் இறங்கிப் போனபின் நீச்சல் குளம் காலியாக இருக்கும், சாப்பாட்டுக்கு வரிசை இருக்காது, அந்த ஒரு பகல் முழுக்கக் கப்பல் தங்களுடையது என்று அவர்களுக்குத் தெரியும். முதல் தடவை வருகிறவருக்கு இது தெரியாது. அவர் காசு கொடுத்து வெயிலில் அலைந்துகொண்டிருப்பார்.

ஒரே கப்பல் கம்பெனியில் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு அந்தக் கப்பல் எப்படி மாறுகிறது என்பதைத்தான் இன்று பேசலாம் என்று இருக்கிறேன்.

களமசேரியில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பல வருஷம் கப்பல்களில் கேபின் ஸ்டூவர்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அறையைக் கூட்டிப் பெருக்கி, படுக்கை விரித்து, துவாலையை யானை மாதிரி மடித்து வைப்பார்களே, அந்த வேலை. அவரிடம் கேட்டேன். "சார், முதல் தடவை வர்றவங்க 'சாப்பாடு எங்கே'ன்னு கேப்பாங்க. ரெண்டாவது தடவை வர்றவங்க 'போன தடவை இந்த இடத்துல ஒரு நாற்காலி இருந்துச்சே, எங்கே'ன்னு கேப்பாங்க. அஞ்சாவது தடவை வர்றவங்க எதையும் கேக்க மாட்டாங்க. நாமதான் அவங்ககிட்ட கேக்கணும்" என்றார்.

இந்த வித்தியாசத்தைத்தான் கம்பெனிகள் கணக்கு போட்டு வைத்திருக்கின்றன. ராயல் கரீபியன் என்ற அமெரிக்கக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் இரவுக்கு ஒரு புள்ளி, சூட் அறை எடுத்தால் இரண்டு. மூன்று புள்ளி சேர்ந்தால் கோல்டு. முப்பதில் பிளாட்டினம், 55-ல் எமரால்டு, 80-ல் டைமண்டு, 175-ல் டைமண்டு பிளஸ். உச்சியில் இருப்பது பினாக்கிள், அதற்கு 700 புள்ளி வேண்டும். சாதாரண அறையில் போகிறவர் அதைத் தொட ஏறக்குறைய இரண்டு வருஷம் கடலில் படுத்திருக்க வேண்டும். கீழ்ப்படியில் கிடைப்பது சின்னச் சின்னச் சலுகைகள். டைமண்டு ஆகிவிட்டால் தினம் சில பானங்கள் இலவசம், உட்கார்ந்து பேச ஒரு தனிக்கூடம், ஏறும்போது குறுகிய வரிசை.

இதைக் கேட்டு, "இவ்வளவு செலவழித்தவருக்கு இவ்வளவுதானா?" என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஸ்டூவர்டாக இருந்த பெரியவர் சொன்ன ஒரு விஷயம் இதன் சூட்சுமத்தைப் புரிய வைத்தது. கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு ஆறு மாதம், எட்டு மாதம் என்றுதான் ஒப்பந்தம். அது முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த முறை வேறு கப்பலில் போடுவார்கள். அதனால் போன வருஷம் உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தவர் இந்த வருஷம் அங்கே இருக்க மாட்டார். உங்களை நினைவில் வைத்திருக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. பயணம் தொடங்கும் நாளில் எந்த அறையில் எந்தப் படியில் உள்ளவர் இருக்கிறார் என்ற பட்டியல் ஸ்டூவர்டின் கைக்கு வந்துவிடும். "மறுபடியும் வந்ததில் ரொம்ப சந்தோஷம்" என்று அவர் சொல்வது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். நம் ஊர்க் கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி. யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது அதில் இருக்கும். 

இந்த நோட்டு கம்பெனிக்குச் சொந்தம், கப்பலுக்கு இல்லை. இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. கோர்டீலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்' கப்பலைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கி அந்த மாதமே கொச்சிக்கும் வந்தது. 2022 ஜூனில் சென்னையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனது, காங்கேசன்துறையையும் தொட்டது. நம்மவர்களுக்கு அது புதுக் கப்பல். உண்மையில் அது 1990-ல் பிரான்சில் சென் நசேரில் கட்டப்பட்டது. ராயல் கரீபியனுக்காக 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில், மூன்று நாள் நான்கு நாள் குறும்பயணங்களுக்கென்றே கட்டியது. பிறகு பெயர் மாறியது, 2008-ல் ஸ்பானியக் கம்பெனி ஒன்றுக்குப் போனது, 2016-ல் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்து கியூபாவுக்கெல்லாம் ஓடியது. அப்புறம்தான் விற்கப்பட்டு இங்கே வந்தது.

இந்தக் கப்பலிலேயே நூறு இரவு தூங்கி டைமண்டு ஆன ஓர் அமெரிக்கர் இன்று கொச்சியில் அதே படிக்கட்டில் ஏறினால் அவர் புதுமுகம். மாடிப்படி எங்கே திரும்பும், எந்த ஜன்னலில் மாலை வெயில் விழும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடியாக இருக்கும். ஆனாலும் அவரை யாரும் பெயர் சொல்லி வரவேற்க மாட்டார்கள். கப்பல் பழசு, கணக்கு புதுசு.

சலுகைகளில் எதை மிக உயர்வாக நினைக்கிறார்கள் என்று பெரியவரிடம் கேட்டேன். ஷாம்பெயின் என்பார், தனி விருந்து என்பார் என்று எதிர்பார்த்தேன். "துணி சார்" என்றார். நீண்ட பயணத்தில் அழுக்குத் துணி மலைபோலச் சேர்ந்துவிடும். கப்பலில் ஒரு சட்டை வெளுக்க வாங்கும் காசில் கரையில் ஒரு சாப்பாடு சாப்பிடலாம். அதனால் பல கம்பெனிகளில் மேல்படிக்குப் போனவர்களுக்கு வெளுப்பதும் இஸ்திரியும் இலவசம். ஹாலண்டு அமெரிக்கா கம்பெனியில் 200 நாள் கணக்கு சேர்ந்தால் இந்த உரிமை வரும். வெளுத்து மடித்த துணி கட்டில்மேல் வந்து உட்கார்ந்திருப்பதுதான் அவர்களுக்குப் பெரிய கௌரவம்.

இப்படித் திரும்பத் திரும்பப் போவது கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு உதாரணமாக மரியோ சல்செடோ என்பவர் இருக்கிறார். கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1990-களின் கடைசியில் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கப்பலில் ஏறியவர், அநேகமாக இறங்கவே இல்லை. ஆயிரம் பயணங்களுக்குமேல் போய்விட்டார். மேல்தளத்தில் ஒரு மேசையைப் பிடித்து, அதைத் தன் அலுவலகம் என்று எழுதி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பார். அவரைப் பற்றி ஆவணப்படமே வந்திருக்கிறது. அவர் ஆசைப்பட்டது அந்த மேசைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்த ஓர் இடம், தெரிந்த ஒரு நாற்காலி.

இந்த இரவுக் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஜன்னல்கூட இல்லாத உள்ளறையில் மலிவான டிக்கெட்டில் போகிற ஓய்வுபெற்ற ஆசிரியையும் வருஷா வருஷம் போனால் ஒரு நாள் டைமண்டு ஆகலாம். பணத்தைவிட நாட்களைத்தான் எண்ணினார்கள். அது இப்போது மாறுகிறது. கார்னிவல் கம்பெனியில் ஒரு நாளுக்கு ஒரு புள்ளி, 75 நாளில் பிளாட்டினம், 200-ல் டைமண்டு என்று இருந்தது. படிக்கு ஒரு நிறம், முதல் தடவை வருகிறவர் கையில் நீல அட்டை. 2025 ஜூனில் அந்தக் கம்பெனி ஒரு புதிய திட்டத்தை அறிவித்தது. அந்த அறிவிப்பின்படி 2026 ஜூன் முதல் படியைத் தீர்மானிப்பது செலவழித்த பணம், அதுவும் இரண்டிரண்டு ஆண்டுகளாகப் பார்க்கும் கணக்கு. ஆயுள் முழுக்கச் சேர்த்த நாட்களுக்கு இனி அந்த மதிப்பு இல்லை. பழைய பயணிகள் கொதித்துப் போனார்கள். எனக்கு அவர்கள் கோபம் நியாயமாகத்தான் படுகிறது. நாட்களை எண்ணிக்கொண்டிருந்த நோட்டில் நடுவிலே ரூபாயை எண்ணத் தொடங்கினால், இதுவரை வந்து போனவர்களுக்கு என்ன அர்த்தம்?

சரி, கொச்சியின் நிஜமான வாடிக்கைப் பயணிகள் இவர்கள் யாருமில்லை. லட்சத்தீவுக்காரர்கள். ஆஸ்பத்திரி, கல்லூரி, கல்யாணச் சாமான் என்று பலவற்றுக்கும் அவர்கள் கொச்சிக்கு வருகிறார்கள். விசாகப்பட்டினத்தில் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு கட்டிய 'எம்.வி. கவரத்தி', 700 பேர் போகும் கப்பல், இந்த வழியில் ஓடுவது. அதிலும் டைமண்டு, கோல்டு உண்டு. ஆனால் சுற்றுலாப் பயணிக்கு விற்கும் டிக்கெட்டின் வகுப்புப் பெயர்கள் அவை. காசு கொடுத்தால் முதல் நாளே டைமண்டு. நாற்பது வருஷமாகப் போய் வருகிற தீவுக்காரருக்கு எந்தக் கம்பெனியும் புள்ளி போடுவதில்லை.

ஆனால் அவருடைய அனுபவம் தெரிகிற இடம் ஒன்று உண்டு. பல தீவுகளில் பவளத்திட்டைத் தாண்டிக் கப்பல் உள்ளே போக முடியாது. நடுக்கடலில் நிறுத்திவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து சின்னப் படகில் இறக்குவார்கள். படகு அலையில் ஏறும், இறங்கும். முதல் தடவை வந்தவர் படகு கீழே போகும்போது காலை வைக்கப் பார்த்து அலறுவார், இரண்டு பேர் கையைப் பிடிப்பார்கள். தீவுக்காரப் பாட்டி ஒரு கையில் பையோடு நிற்பார். படகு மேலே வந்து ஒரு கணம் நிற்குமே, அந்தக் கணத்தில் வாசற்படி தாண்டுகிற மாதிரி தாண்டிவிடுவார்.

கடைசியாக நம் கொச்சி பற்றி ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரியில் எர்ணாகுளம் வார்ஃபில் 'சாகரிகா' பயணிகள் முனையம் 25 கோடி ரூபாய்க்குமேல் செலவில் திறக்கப்பட்டது. மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோவும் போகிறது. முதல் தடவை வருகிறவருக்கு இதெல்லாம் போதும். இரண்டாவது தடவை இறங்குகிறவருக்கு நாம் வைத்திருப்பது என்ன? அதே வலை, அதே அரண்மனை, அதே மிளகுக் கடை. வெள்ளிக்கிழமை வந்தால் அரண்மனைக்கு விடுமுறை, சனிக்கிழமை வந்தால் யூதர்களின் ஜெபாலயம் மூடியிருக்கும்.

ஆனால் இரண்டாவது தடவை வருகிறவருக்கும் ஏற்ற இடம் ஒன்று உண்டு. ஃபோர்ட் கொச்சி வேளியில் தோபிகானா என்ற சலவைக்கூடம் இருக்கிறது. முன்பு ஐரோப்பியப் படைகளின் சீருடையை வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைகல்லில் வெளுக்கிறார்கள். கஞ்சி போட்டு, வரிவரியாகக் கொடியில் காயவைத்து, கனமான இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கிறார்கள். கப்பல் பயணிகளை அங்கே அழைத்துப் போகிறோம், அவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கப்பலில் இலவச வெளுப்பைப் பெரிய மரியாதையாக நினைக்கிற அதே ஆட்கள்தான் அவர்கள்!

வழிகாட்டிகளுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை அவர்களைக் கூட்டிப் போகும்போது, ஆளுக்கு ஒரு சட்டை கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். தேய்த்து, கூலி கொடுத்து வாங்கிப் போகட்டும். அந்தக் கூலி நேராக வெளுக்கிறவர் கைக்குப் போக வேண்டும், கமிஷன் எடுக்க வேண்டாம். பெரும்பாலான கப்பல்கள் மாலையில்தான் கிளம்புகின்றன, நேரம் தாராளமாக இருக்கிறது.