உயரமும் குருதியும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

மலைமேல் பயிற்சி பெறும் நெடுந்தூர ஓட்டக்காரரின் உடலில் நிகழும் மாற்றங்களைக் குறித்து இன்று பேச விழைகிறோம். மீன்சுருட்டியில் மலை ஏது என்று நீங்கள் வினவலாம். மலை இல்லை, ஓடும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்கள் பொருட்டே இப்பொருளைத் தேர்ந்தோம்.

1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் மெக்சிகோ நகரில் நடைபெற்றன. அந்நகர் கடல்மட்டத்திற்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகமண்டலமும் ஏறத்தாழ அதே உயரமே. 10,000 மீட்டர் ஓட்டத்தில் 27 நிமிடம் 39.4 விநாடி என்ற உலகச் சாதனைக்கு உரியவரான ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் அங்கு ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். வென்றவர் கென்யாவின் மேட்டுநிலத்தைச் சேர்ந்த நஃப்தாலி தெமு. அவருக்கும் 29 நிமிடம் 27.4 விநாடி தேவைப்பட்டது.

காரணம் யாது? உயரத்திலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடே. ஆனால் காற்றின் அழுத்தம் குறைந்துவிடுகிறது. உதகையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், சமவெளியில் கிடைப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே. உடனே மூச்சு விரைகிறது. இதயம் மிகுதியாகத் துடிக்கிறது. இக்குறையை உணரும் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்னும் சுரப்பை மிகுதியாக வெளிவிடுகிறது. அந்த ஆணையை ஏற்று எலும்பு மச்சை புதிய சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. மூன்று நான்கு வாரங்களில் அவை பெருகுகின்றன. பின்னர்ச் சமவெளிக்கு இறங்கினால், தசைகளுக்கு ஆக்சிஜன் மிகுதியாகச் சென்று சேரும். இப்பயன் சில வாரங்களே நிற்கும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. உயரத்தில் முழு வேகத்துடன் ஓட இயலாது. ஆகவே தசை தன் விரைவை இழக்கக்கூடும். இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களான லெவினும் ஸ்ட்ரே-கண்டர்சனும். 39 ஓட்டக்காரர்களைக் கொண்டு அவர்கள் நடத்திய ஆய்வு 1997இல் வெளிவந்தது. 2,500 மீட்டரில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கிப் பயின்றவர்கள், நான்கு வாரங்களுக்குப் பின் 5,000 மீட்டர் ஓட்டத்தில் சராசரியாக 13 விநாடி விரைந்தனர். உயரத்தில் உறங்கு, தாழ்வில் ஓடு என்பதே அதன் சாரம்.

இனி நம் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பொன்னேரிக் கரையில் ஓடிப் பழகிய நம் மாணவி ஒருத்தி 3,000 மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் முதலிடம் பெற்றாள். மலைப் பயிற்சி அவளை மாநில அளவுக்கு உயர்த்தும் என்று நம்பினோம். ஆசிரியர்கள் பணம் திரட்டினோம்; முந்திரி உடைக்கும் கூலி வேலை செய்யும் அவள் அன்னையார் தம் காதணியை அடகு வைத்தார். மூன்று வாரம் உதகையில் இருந்து திரும்பியவள், முன்னிலும் மெதுவாக ஓடினாள். அதன் பின்னரே குருதியைச் சோதித்தோம். ஹீமோகுளோபின் 9 கிராம்!

சிறுநீரகம் ஆணையிட்டது; சிவப்பணுவை உண்டாக்க இரும்புச்சத்து இல்லை. கொத்தனாரை அழைத்துவிட்டுச் செங்கல் வாங்காத வீட்டுக்காரர் ஆனோம். பிழை அவளுடையதன்று; முற்றும் நம்முடையது.

மருத்துவர் கூறியபடி ஆறு திங்கள் மாத்திரையும் உணவும் கொடுத்தோம். மலையேறாமலேயே அவள் தன் பழைய நேரத்தை முறியடித்தாள். காதணியை மீட்கத்தான் ஓராண்டு ஆயிற்று.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர். ஆகவே தாய்மார்களே, பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் வீசி எறிய விடாதீர்கள். முருங்கைக்கீரையும் கம்பும் கேழ்வரகும் கொடுங்கள். உடன் நெல்லியோ எலுமிச்சையோ சேருங்கள். உணவோடு தேநீர் வேண்டா. ஈரலும் சுவரொட்டியும் மாட்டிறைச்சியும் நம் தெருவின் உணவென்று இகழ்ந்தோர் உண்டு. உடல் எளிதில் ஏற்கும் இரும்பு அவற்றில்தான் உள்ளது என்கிறது மருத்துவம். வெட்கம் வேண்டா.

உயர்ந்த மலையில்லாப் புதுக்கோட்டைச் சீமையில் தோன்றிய ஜி. இலட்சுமணன், 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். நம் பிள்ளைகளாலும் இயலும்.

ஆண்டுதோறும் ஓடும் பிள்ளைகள் அனைவர்க்கும் குருதிச் சோதனை செய்விக்கும் பொறுப்பை இக்கழகம் இவ்வெள்ளிவிழா ஆண்டிலேயே ஏற்க வேண்டுமென வேண்டுகிறோம். முதலில் குருதி, பிறகு மலை.