பாசியின் பஞ்சகாலச் சேமிப்பு



தேங்கிய குளத்து நீர் பச்சை நிறம் கொள்வதைப் பலமுறை கண்டிருப்பீர்கள். கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத நுண்பாசிகளே பெரும்பாலும் அந்நிறத்திற்குக் காரணம். இச்சிற்றுயிர்களுள் பல, கதிரவன் ஒளியையும் கரியமில வாயுவையும் கொண்டு, எள்ளும் ஆமணக்கும் போலவே எண்ணெயைச் சேர்த்து வைக்கின்றன. அவ்வெண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்தால், டீசல் எஞ்சினை ஓட்டவல்ல எரிபொருள் கிடைக்கும்.

எந்த நீரில் எண்ணெய் மிகும்? வளமான நீரில் என்றே எவரும் விடை கூறுவர். உண்மை அதற்கு மாறானது. 1949ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்போர், மில்னர் என்னும் அறிஞர் இருவர், குளோரெல்லா என்னும் பாசியை ஆராய்ந்து, அதன் கொழுப்பின் அளவு சூழ்நிலைக்கேற்ப நூற்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 85 வரை மாறக் கண்டனர். நைட்ரஜன் சத்துக் குன்றிய நீரிலேயே கொழுப்பு மிகுந்தது.

காரணம் யாது? நைட்ரஜன் இன்றிப் புரதம் இல்லை. புரதம் இன்றி உயிரணு பெருக இயலாது. ஒளியோ விழுந்துகொண்டே இருக்கின்றது. வளர்ச்சிக்குப் பயன்படாத கரிப்பொருளை உயிரணு எண்ணெய்த் துளிகளாக்கிச் சேமிக்கின்றது. பச்சையம் குறைந்து, நிறம் வெளிறுகின்றது. சிலிக்காவால் கூடு கட்டும் டயாட்டம் பாசிகள், சிலிக்கன் கிடைக்காதபோது இவ்வாறே செய்கின்றன.

அப்படியாயின், பாசியைப் பட்டினி போட்டால் போதும் அன்றோ? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்கு உண்ணும் பாசி நாளொன்றுக்கு 100 கிராம் பெருகி, அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் எனக் கொள்வோம். கிடைப்பது 20 கிராம். பட்டினி கிடக்கும் பாசியில் பாதி எண்ணெயே ஆயினும், அது 30 கிராம்தான் பெருகுமாயின், கிடைப்பது 15 கிராம். விகிதம் உயர்ந்தது; விளைச்சல் தாழ்ந்தது. 1978 முதல் 1996 வரை அமெரிக்க அரசு நடத்திய பாசி எரிபொருள் ஆராய்ச்சியும் இம்முடிவையே கண்டது.

ஆகவே, முதலில் ஊட்டி வளர்த்துப் பின்னர்ப் பட்டினி போடும் இருபடி முறையை அறிஞர் கையாண்டனர். 2017ஆம் ஆண்டில், கலிபோர்னிய ஆராய்ச்சியாளர், நானோகுளோராப்சிஸ் என்னும் பாசியின் மரபணு ஒன்றன் செயலை அளவோடு தணித்து, வளர்ச்சி பெரிதும் குன்றாமலே எண்ணெய் விகிதத்தை இருமடங்காக்கினர். ஆயினும், பாசியை வளர்த்து, நீரிலிருந்து பிரித்து, எண்ணெய் எடுக்கும் செலவு பெட்ரோலியத்தோடு போட்டியிடும் அளவுக்கு இன்னும் குறையவில்லை.

பஞ்சத்தில் சேமிக்கும் பாசியைப் பஞ்சமின்றியே சேமிக்கச் செய்வது எவ்வாறு? உங்கள் தலைமுறை விடை காண வேண்டிய வினா இது.